தக்காளியும் ஓய்வூதியமும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்ட வட ஆப்பிரிக்க வீரர்களின் கதை என்று நீ பார்க்கச் சொன்ன 'இண்டிஜென்' என்ற பிரெஞ்சுப் படத்தை அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். புதன்கிழமை நான் மட்டும் உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தேன். ஒரு படம் ஒரு நாட்டின் மனசாட்சியையே திருத்திவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். படம் நல்ல படம் என்பதில் உனக்கும் எனக்கும் வேற்றுமை இல்லை. அந்த ஒரு வரியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. முப்பத்தொரு வருடம் கருவூலத்தில் ஓய்வூதியக் கோப்புகளோடு மாரடித்தவள் நான். யாருடைய மனசாட்சி எப்படித் திருந்தினாலும், ஆணை பிறந்து, பட்டியல் போட்டு, உரியவர் கணக்கில் தொகை ஏறும் வரை எதையும் நம்பாத பழக்கம் எனக்கு.

முதலில் தலைப்பு. ஆங்கிலத்தில் இதற்கு 'டேஸ் ஆஃப் குளோரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஏதோ வெற்றி விழாப் படம் போலிருக்கிறது. 'இண்டிஜென்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மண்ணின் மைந்தர் என்று அகராதி பொருள் சொன்னாலும், பிரான்ஸின் காலனிகளில் அது குடியுரிமை இல்லாத குடிகளைக் குறித்த சட்டச் சொல். அவர்களுக்கென்று தனித் தண்டனை விதிகளே இருந்தன. வெள்ளைக்காரன் நம் தாத்தாக்களை 'நேட்டிவ்' என்று சொன்னபோது இருந்த தொனி அதில் இருக்கிறது. இயக்குநர் ரஷீத் பூஷாரெப் அந்த ஏளனத்தையே எடுத்துப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார். ஆங்கிலப் பெயரில் அந்த முள் ஒடிந்துபோயிற்று.

படத்தின் தொடக்கத்தில், 1943இல், அன்று பிரான்ஸின் கையில் இருந்த அல்ஜீரியாவின் ஒரு கிராமத்தில் படைக்கு ஆள் சேர்க்கிறார்கள். சயீத் என்ற இளைஞனின் தாய், போகாதே என்று கெஞ்சுகிறாள்; அவன் போய்விடுகிறான், தான் ஒருநாளும் கண்ணால் கண்டிராத பிரான்ஸை ஜெர்மானியரிடமிருந்து மீட்பதற்காக. இது கதைக்காகச் சேர்த்த மிகை அன்று. 1944 ஆகஸ்டில் பிரான்ஸின் தென்கரையில் வந்து இறங்கிய பிரெஞ்சுப் படையில் பெரும் பகுதியினர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் சகாராவுக்குத் தெற்கிலிருந்தும் திரட்டப்பட்டவர்கள்தாம்.

நீ சண்டைக் காட்சிகளைப் பற்றி நிறைய எழுதியிருந்தாய். எனக்கு அவற்றைவிடக் கப்பலில் வரும் தக்காளிக் காட்சிதான் மனத்தில் நின்றது. சாப்பாட்டு வரிசையில் ஒரு கறுப்பின வீரன் தட்டை நீட்டுகிறான். பெட்டி நிறையத் தக்காளி இருந்தும், அது பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் என்று பரிமாறுகிறவன் கையை விரிக்கிறான். கார்ப்பரல் அப்துல்காதர் முன்னால் வருகிறான். குண்டு மட்டும் எல்லாரையும் ஒன்றுபோல்தானே துளைக்கிறது என்பது அவன் நியாயம். பேச்சு எடுபடாதபோது அவன் பெட்டியைக் கீழே தள்ளி, சிவக்கச் சிவக்கப் பூட்ஸ் காலால் மிதிக்கிறான். பிறகு மேலதிகாரி வந்து, இனி எல்லாருக்கும் தக்காளி உண்டு என்று அறிவிக்க, எல்லாரும் ஆரவாரம் செய்கிறார்கள். அந்த ஆரவாரம்தான் என்னை உறுத்தியது. கேட்டது சமத்துவம், கிடைத்தது தக்காளி. என் வேலைக்காலத்தில் சங்கத்துக்காரர்கள் பெரிய கோரிக்கைப் பட்டியலோடு உள்ளே போய், ஒரு சில்லறைச் சலுகையோடு சிரித்த முகமாய் வெளியே வந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடிதக் காட்சியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்செய் நகரில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு மனம் கலந்த மெசாவுத் என்ற வீரன், போர்முனையிலிருந்து அவளுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான். ஓர் அரபியன் பிரெஞ்சுக்காரிக்கு எழுதுவதா என்று தணிக்கை மேசையிலேயே கடிதங்கள் நிறுத்தப்படுகின்றன. அவள் மறந்துவிட்டாள் என்று இவனும், இவனைப் பற்றித் தகவலே இல்லையே என்று அவளும். தடுத்தவனுக்கு அது அன்றாட அலுவல். சலனமே இல்லாத அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பழைய அலுவலக மேசைகள் சில நினைவுக்கு வந்தன, என்னுடையதும் உட்பட.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். பிரான்ஸின் கிழக்கெல்லைப் பகுதியான அல்சாஸில், ஒரு கிராமத்துச் சண்டையில் மற்றவர்கள் எல்லாரும் மாள, அப்துல்காதர் ஒருவன் மிஞ்சுகிறான். அறுபது வருடம் கழித்து, தள்ளாத கிழவனாகப் போர்க் கல்லறையில் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு, பிரான்ஸிலேயே ஓர் ஒற்றை அறைக்குத் திரும்புகிறான். ஒரு கட்டிலும் வெறுமையும்தான் அங்கே. அதன்பின் திரையில் வரும் எழுத்துகளை நீ கண்ணீரோடு படித்ததாகச் சொன்னாய். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். விடுதலை பெறும் காலனிகளைச் சேர்ந்த முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை அப்படியே உறையவைக்கப் பிரான்ஸ் 1959இல் சட்டம் செய்தது. நம் மொழியில் சொன்னால், அகவிலைப்படி நின்றது, திருத்திய ஊதியம் நின்றது. பக்கத்தில் நின்று சுட்ட பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் ஆண்டுதோறும் ஏறியது. நாற்பது வருடம் கழித்து இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தைப் புரிந்துகொள்ள உனக்குக் கணக்குப் படிப்பு தேவையில்லை.

2001 நவம்பரில், செனகலைச் சேர்ந்த ஒரு முன்னாள் வீரரின் வழக்கில், இது பாரபட்சம் என்று பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. அரசு என்ன செய்தது தெரியுமா? ஓய்வூதியர் வசிக்கும் நாட்டில் பணத்துக்கு உள்ள வாங்கும் திறனை அளவுகோலாக்கிப் புதிய சட்டம் போட்டது. உங்கள் ஊரில் விலைவாசி குறைவு, ஆகவே உங்கள் காயத்துக்கும் விலை குறைவு என்பதே அதன் சாரம். அந்த விதியை எழுதிய கையை எனக்குத் தெரியும் போலிருக்கிறது. எல்லா அரசாங்கத்திலும் அப்படி ஒரு கை இருக்கும்.

பிறகுதான் 2006. கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்தின் ஐந்து நடிகர்களுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது. படம் பார்த்துக் குடியரசுத் தலைவர் ஷிராக் நெகிழ்ந்தார் என்ற செய்தி. படம் பிரான்ஸில் திரைக்கு வந்த செப்டம்பர் 27ஆம் நாளே, ஏறத்தாழ 80,000 முன்னாள் வீரர்களுக்குத் தொகை சமமாக்கப்படும் என்ற அறிவிப்பு. நீ இந்த இடத்தில் நிறுத்திவிட்டாய், கண்ணு. எங்கள் வேலையில் ஆணையின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டோம். அந்த அறிவிப்பு முன்னாள் போராளிகளுக்கான படித்தொகைக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும் மட்டும்தான். முழுப் பணிக்கால ஓய்வூதியம் அதில் சேரவில்லை, நிலுவைத் தொகையும் இல்லை. ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு ஒத்ததா என்ற கேள்வியைச் சாதாரணக் குடிமக்களின் வழக்கிலிருந்து பிரான்ஸின் அரசியலமைப்பு மன்றத்துக்கு அனுப்பும் வழி 2010இல் திறந்தபோது, அந்த வழியில் தீர்க்கப்பட்ட முதல் வழக்கே இந்த ஓய்வூதிய வழக்குதான். ஓர் அல்ஜீரியக் குடும்பத்தார் தொடுத்தது. அதில் வென்ற பிறகுதான் மீதியும் சரிசெய்யப்பட்டது. அந்த ஒற்றை அறையின் கதை அதற்குப் பிறகும் முடியவில்லை: முதியோர் உதவித்தொகை வேண்டுமானால் ஆண்டில் பாதியாவது பிரான்ஸில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையால், தொண்ணூறு வயது செனகல் வீரர்கள் மனைவி மக்களை விட்டு அப்படிப்பட்ட அறைகளில் கிடந்தார்கள். எஞ்சியிருந்த சில பத்துப் பேருக்கு 2023இல்தான் விலக்குக் கிடைத்தது.

ஆகவே மனசாட்சி திருந்தியது என்பதைவிட, கட்டிக்கிடந்த கோப்பை ஒரு படம் மேசைமேல் எடுத்துப் போட்டது என்று சொல். அதுவும் சிறிய காரியம் அன்று.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. இந்தப் படத்தில் காலனி மக்கள் பிரான்ஸுக்காக உயிரைக் கொடுத்தவர்கள்; அப்படிப்பட்டவர்களுக்கு நன்றி சொல்வது எந்த நாட்டுக்கும் எளிது. ஜெர்மனி சரணடைந்ததைக் கொண்டாடிய 1945 மே 8ஆம் நாளிலேயே, அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் விடுதலைக் கொடி பிடித்தவர்கள்மேல் சுட்டார்கள். கலகக்காரர் கையில் ஐரோப்பியர் நூறு பேரளவு மாண்டனர். அதற்குப் பழியாக அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர் கொல்லப்பட்டனர். இத்தாலியில் பிரான்ஸுக்காகப் போரிட்டு, பிரெஞ்சுத் தலைவர் தெகோலின் கையால் பதக்கம் வாங்கிய அகமது பென் பெல்லா, பின்னாளில் பிரான்ஸை எதிர்த்துப் போராடி அல்ஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரானார். இதே பூஷாரெப் 2010இல் செத்தீஃபைக் காட்டி இன்னொரு படம் எடுத்துக் கானுக்குக் கொண்டுபோனபோது கண்ணீர் வரவில்லை. ஆர்ப்பாட்டமும் கலவரத் தடுப்புக் காவலர்களும்தான் வந்தார்கள். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபின் உன் வரியை எப்படி மாற்றுவாய் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். இரண்டாவதின் இணைப்பு கிடைத்தால் எனக்கும் அனுப்பு.

அப்பா உறங்கப் போய்விட்டார். சயீத் இறந்த பிறகு படம் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை என்பதைப் புதன்கிழமைதான் கவனித்தேன். அந்தத் தாய் பெயரில் ஒரு குடும்ப ஓய்வூதியக் கோப்பு எங்காவது திறக்கப்பட்டிருந்தால், 1959க்குப் பிறகு அதில் மாதாமாதம் என்ன தொகை ஏறியிருக்கும் என்று நேற்று இரவு வெகுநேரம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அம்மா