நாலாம் விரலை அடிக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ பியானோ வாசித்து அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். சி மேஜர் ஸ்கேல் (ஸ்வர வரிசை) தாளம் காட்டும் மெட்ரோனோமோடு சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் நாலாம் விரலான மோதிர விரலின் முறை வரும்போதெல்லாம் உன் மணிக்கட்டு வெட்டி இறங்குகிறது. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையை அடிப்பதுபோல அந்த விரலை அடித்துப் பழக்குகிறாய். உன் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். மற்ற நான்கு விரல்களையும் கட்டையில் அழுத்திக்கொண்டு, அதை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுவேன். மிஞ்சியது முழங்கை வரை வலி.

பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் 1831இல் பாரிசுக்கு வந்தபோது அவருக்கு 21 வயது. அன்றைக்குப் பெரும்புகழோடு இருந்த பியானோ கலைஞர் கால்க்பிரென்னர், மூன்று வருடம் தன்னிடம் படிக்கச் சொன்னார். மணிக்கட்டைத் தாங்க ஒரு சட்டம் வைத்து, விரல்களை மட்டும் இயக்கிப் பழகச் சொன்னவர் அவர். ஷோப்பான் மறுத்துவிட்டார். சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஷிவ்னி வயலின்காரர். அதனால் கட்டைகளில் விரல் போகும் வழியைப் பெரும்பாலும் தானே தேடிக்கொண்டவர் அவர்.

பின்னாளில் பியானோ பயிற்சி பற்றி அவர் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்ட குறிப்புகள் இருக்கின்றன. நாலாம் விரல் நடுவிரலோடு ஒட்டிப் பிறந்த இரட்டை, அதைப் பிரிக்க முடியாது, நல்லவேளையாகப் பிரிக்கத் தேவையும் இல்லை என்கிறார். இதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குரல் உண்டு; அதைக் கெடுக்காமல் வளர்ப்பதுதான் அவருக்குப் பயிற்சி. அவருடைய ஓபஸ் 10 தொகுப்பின் இரண்டாவது எட்யூடில் (பயிற்சிப் பாடலில்), ஏ மைனரில் உள்ளதில், கடைசி மூன்று விரல்களையே ஒன்றன்மேல் ஒன்று தாண்டி ஓடவிட்டிருக்கிறார். பலவீனத்தை ஒளிக்கவில்லை பார்.

அவர் மாணவர்களை முதலில் உட்காரவைத்த விதத்தில் நீயும் கையை வை. கட்டைவிரல் ஈ, அடுத்த மூன்றும் எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சுண்டுவிரல் பி. நீள விரல்கள் கறுப்புக் கட்டைகளில், குட்டை விரல்கள் வெள்ளையில். கை தானாகத் தளர்வதை உணர்வாய். அவர் பி மேஜரை முதலிலும், கறுப்புக் கட்டையே இல்லாத சி மேஜரைக் கடைசியிலும் சொல்லிக்கொடுத்தார்.

தினமும் ஆறு மணி நேரப் பயிற்சியும் வேண்டாம். அப்படி உழைத்த மாணவியிடம் கோபப்பட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை பி மேஜர் மட்டும் மெதுவாக வாசித்து அனுப்பு. போனை மேலே வை, எனக்கு உன் மணிக்கட்டு தெரிய வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்