பெலிண்டாவின் மனு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

நீ அனுப்பிய பெலிண்டாவின் மனுவை, போனில் நீ சொன்ன அர்த்தத்தை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மடக்கு மேஜை போட்டு 31 வருஷம் மனு எழுதினவன் நான். உன் பேராசிரியர் தொழிலில் எனக்கு விளங்குகிற ஒரே இடம் இதுதான்.

1783 பிப்ரவரியில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சட்டசபைக்குப் போட்ட மனு. ஐம்பது வருஷம் அடிமையாக உழைத்த கிழவி. எசமான் ஐசக் ராயல் 1775இல் விடுதலைப் போர் மூண்ட சமயத்தில் ஊரைவிட்டு ஓடிவிட்டார். அந்தச் சொத்தில் என் உழைப்பும் இருக்கிறது, எனக்கும் நோயாளி மகளுக்கும் பிழைக்க வழி செய்யுங்கள் என்கிறாள். நானாக இருந்தால் இதை முதல் வரியில் வைத்திருப்பேன். அவளோ தான் பிறந்த ஆப்பிரிக்காவில், வோல்டா நதிக்கரையில் தொடங்குகிறாள். பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கோயில் தோப்பில் அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்திருக்க, சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நிலா போல முகமுள்ள வெள்ளைக்காரர்கள் வந்து அவளைப் பிடித்துப்போனார்களாம்.

இதையெல்லாம் அந்தக் காலத்து அலங்காரம், எழுதிக்கொடுத்தவர் கைவேலை என்றாய். எனக்கு ஒப்பவில்லை. பட்டாவுக்கு மனுப் போட வந்த ஒரு பாட்டி, புருஷன் வைத்த முருங்கையையும் எழுதச் சொன்னது. "அது மனுவுக்கு வேண்டாம் ஆத்தா" என்றேன். மை தடவின கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, "அப்ப கைநாட்டு வைக்கமாட்டேன்" என்றது. எழுதினேன். பெலிண்டாவும் கையெழுத்துக்குப் பதில் குறிதான் போட்டிருக்கிறாள். நடையை எழுதினவர் ஜோடித்திருக்கலாம். அந்த இரண்டு கைகளை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

வருஷத்துக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் கொடுக்க உத்தரவானது. பணம் ஒழுங்காக வராமல் 1787, 1793 என்று திரும்பத் திரும்ப மனுப் போட்டிருக்கிறாள். "உத்தரவு ஆயிடுச்சு, பணம்தான் வரல." திங்கட்கிழமை தவறாமல் நான் கேட்ட பேச்சு.

அந்தப் பின்மனுக்களையும் அனுப்பு. அவற்றில் ஆறும் தோப்பும் இருக்கிறதா, வெறும் பாக்கிக் கணக்கா என்று பார்க்கணும். என்னிடம் மூன்றாம் தடவை வந்தவர்கள் யாரும் மரத்தைப் பற்றிப் பேசினதில்லை.

எழுத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடு. கண்ணாடி மாற்றவில்லை இன்னும்.

அன்புடன்,
அப்பா