கிழித்த காலண்டர் தாள்களுக்கு நன்றி

கடைசிக் கன்றும் எழுந்து மடியை முட்டிவிட்டது என்று நேற்று மாலை செய்தி வந்தது. ஊர்க் கட்டுத்தரைகளில் கன்றுகளுக்குக் கழிச்சல் (வயிற்றுப்போக்கு) கண்டது, அவற்றின் சாணத்தை எங்கள் ஆய்வகத்தில் சோதித்துக் காரணம் தேடினோம். அதற்கு மேல் விவரம் எழுதப் போவதில்லை. நன்றிக்கடன்தான் பாக்கி நிற்கிறது.

பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே மாதிரிப் பெட்டிக்கு இடம் விட்ட ஓட்டுநர், விடியுமுன் ஐஸ் உடைத்துக் கொடுத்த மீன்கடை அண்ணன், ஆய்வகத்தில் ஜெல் சோதனை ஓடிக்கொண்டிருந்த இரவில் கரண்ட் போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பிய காவலாளி, அலுக்காமல் மாதிரி எடுத்துத் தந்த கால்நடை உதவியாளர்கள், எல்லோருக்கும் கும்பிடு. சாணத்தை வழித்துக் கழுவிய பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர் என்று சொன்னதைக் கேட்டு, அப்படியே செய்த கட்டுத்தரைக்காரர்களுக்கும். சாணத்தின் மேலேயே தூவினால் மருந்தின் வீரியம்தான் போகும், வைரஸ் போகாது.

இந்த மடல் முக்கியமாக ஒரு அம்மாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கழிச்சல் தொடங்கி ஒரு நாளைக்குள், கன்றுக்கு 10 கிராம் சாணம், மூடி இறுகிய டப்பாவில். டப்பாக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி, தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்று, ரப்பர் பேண்ட் போட்டு. கன்று பிறந்த நாளின் தாள். பின்பக்கம் பென்சிலில் மூன்று நான்கு வரி.

ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில் இருந்தது இது: “ராகு காலம் முடியவும் கன்னு விழுந்துச்சு. கொடி போட சாயந்திரம் ஆச்சு. வெளக்கு வச்சப்புறம் சீம்பால். ஒம்பதாம் நாள் கழிச்சல், மஞ்சத் தண்ணி.” தாளைத் திருப்பினால் ராகு காலம் 10.30 – 12.00 என்று அச்சிலேயே இருக்கிறது. ஆக, பிறந்தது நண்பகல். முதல் சீம்பால் ஆறு மணி நேரத்துக்கும் பிறகு. எங்கள் படிவத்தை இத்தனை துல்லியமாக யாரும் நிரப்பித் தந்ததில்லை. பென்சிலில் எழுதியதும் நல்லதாயிற்று. மற்றப் பெட்டிகளில் ஐஸ் தண்ணீர் பட்டுப் பேனா எண்கள் பாதி கரைந்துபோயிருந்தன.

வயது தெரியாத மாதிரி பாதி மாதிரிதான். முதல் மூன்று நான்கு நாட்களில் வரும் கழிச்சல் என்றால் சந்தேகம் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியா மீது போகும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் என்றால் ரோட்டா வைரஸ், மாட்டுக் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. ஒன்பதாம் நாள் என்ற ஒரு சொல்லே எதை முதலில் தேடுவது என்று காட்டியது.

சாணத்தைப் பத்து சதவீதக் கரைசலாக்கிச் சுழற்றித் தெளியவைத்து, ஃபீனால்–குளோரோஃபார்ம் கலவையில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பாலிஅக்ரிலமைட் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, வெள்ளிச் சாயம் ஏற்றினால், ஏ வகை ரோட்டா வைரஸ் பதினோரு பட்டைகளாக வந்து நிற்கும்: நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு என்று கூட்டம் கூட்டமாக. சாயத்துக்குக் குழாய்த் தண்ணீர் பட்டால் அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து பாலாய்த் திரண்டுவிடும். பட்டை தெரிந்ததும் அசிட்டிக் அமிலத்தில் போட்டு நிறுத்தாவிட்டால் ஜெல் முழுக்கப் பழுப்பாகும். இத்தனை செய்தாலும் ஜெல் சொல்வது வைரஸின் பெயரை மட்டும். இந்தக் கன்றுக்கு ஏன் என்று கேட்டால் வாய் திறக்காது.

அதைக் கேட்க வைத்தவை அந்தத் தாள்கள். ஒன்றல்ல, பல தாள்களில் “கொடி போட்டப்புறம்” என்ற அதே வார்த்தை. நஞ்சுக்கொடி விழாமல் சீம்பால் கறக்கக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கன்று ஊட்ட ஊட்டக் கொடி விழுவதற்கும் அது உதவும். கன்றின் குடல், சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை முழுசாக உள்ளே விடுவது முதல் சில மணி நேரம்தான். ஒரு நாளில் கதவு மூடிவிடும். 25 கிலோக் கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர் வரை, இரண்டு மூன்று தவணையாக. கதவு மூடிய பின்னும் சீம்பால் வீண் இல்லை. ரோட்டா வைரஸ் தாக்குவது குடல் உறிஞ்சிகளின் நுனிச் செல்களை. பாலில் வரும் எதிர்ப்புப் புரதம் குடலுக்குள்ளேயே அதை மறிக்கும். மிச்சச் சீம்பாலைக் கெடாமல் வைத்திருந்து இரண்டு வாரம் பாலில் கொஞ்சம் கலந்து கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கன்று சாணத்தில் தேடியதுதான் இந்த வைரஸின் கதையே. 1969-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மீபஸ் குழுவினர் கன்றுக் கழிச்சலில் இதைக் கண்டார்கள். குழந்தைகளிடம் ரூத் பிஷப் குழுவினர் மெல்போர்னில் கண்டது 1973-ல். நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகப் போகும் ரோட்டாவாக் என்ற தடுப்பு மருந்தின் வைரஸ், டெல்லியில் ஒரு பச்சிளங்குழந்தையிடம் கிடைத்தது. அதிலும் ஒரு மரபணு மாட்டு வைரஸினுடையது. கட்டுத்தரையில் எழுதும் குறிப்பு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்.

இனி எங்கள் படிவத்தில் “முதல் சீம்பால் நேரம்” என்று ஒரு கட்டம் இருக்கும். ராகு காலக் கணக்கில் எழுதினாலும் ஏற்போம். முடிவு வந்ததும் முதலில் கட்டுத்தரைக்குப் போன், பிறகுதான் மற்றவர்களுக்கு.

அம்மா, உங்கள் தாள்களைப் பால் வண்டியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறோம். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறையும். அந்த வெள்ளிக்கிழமைத் தாள் எங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கேட்காமல் எடுத்துக்கொண்டோம், மன்னிக்கணும்.