ஜப்பானிய வெளியுறவு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்: சயாம் தண்டவாளத்தில் விடுபட்ட பெயர்கள்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போரில் தங்கள் நாட்டு இராணுவத்திடம் சிக்கி சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் உயிர்விட்ட ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதைக்காக மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்களுக்கு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.

என் பாட்டியின் அண்ணன் அவர்களுள் ஒருவர். மலாயாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் மரங்களில் பால் எடுத்தவர். 1942இல் ஜப்பானிய ஆட்சி வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அந்த நேரத்தில்தான் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி, சாப்பாடு இலவசம் என்ற அறிவிப்பு வந்தது. நம்பிப் போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு யாரும் முன்வரவில்லை. எனவே தோட்டங்களுக்கு லாரிகள் வந்தன, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு அழைத்துக் கதவைப் பூட்டி ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். பாட்டியின் அண்ணன் 1943 தொடக்கத்தில் போனார். இறந்த செய்தி எதுவும் வராததால் அவர் மனைவி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால் பாட்டி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் அவருக்காகப் படையலிட்டார்.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் நிறைந்த அந்தத் தடத்தை, பர்மாவிலிருந்த படைகளுக்குக் கடல்வழியைத் தவிர்த்துத் தளவாடம் அனுப்புவதற்காக, ஏறத்தாழ 16 மாதங்களில் வெட்டி முடித்தார்கள். 1943 அக்டோபர் 17 அன்று கொங்கொய்தாவில் இரு முனைகளும் இணைந்தன. அந்த ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது போர்க்கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். அப்படி இருந்தும் அந்தப் பாதையில் அவர்களில் மொத்தம் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தோட்டத்திலிருந்து போன குடும்பங்களுக்கு அந்தக் குறைந்தபட்ச அரண்கூட இல்லை. ஆற்றுநீரை அப்படியே குடித்தார்கள், குடிசையிலேயே விழுந்தார்கள், மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள்.

மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமைச்சர் அவர்களே, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தயவுசெய்து பாருங்கள். அது 20,000. அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகள் அனைவரையும் சேர்த்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது. எங்கள் மக்களின் சாவு எண்ணப்படவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

1967இல் தங்கள் அரசும் மலேசிய அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்பிலான பொருளும் சேவையும் வழங்கப்பட்டன. சட்டப்படி அத்தோடு கணக்கு முடிந்தது என்று தங்கள் அமைச்சகம் கூறக்கூடும். நான் பணம் கேட்டு எழுதவில்லை. 2010இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் கத்சுயா ஒக்காடா, முன்னாள் அமெரிக்கப் போர்க்கைதிகளை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அது நல்ல செயல். உடன்படிக்கைகள் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதைச் செய்ய இயன்றது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளை அப்படி யாரும் அழைத்துப் பேசியதாக எங்கள் வீடுகளில் ஒருவருக்கும் நினைவில்லை.

1944இல் ஜப்பானிய இராணுவமே, இந்தப் பாதையில் இறந்தவர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்தார்கள். இறந்தவர்களின் மொழி இன்னதென்று அப்போதே அறிந்திருந்தவர்கள், அவர்களின் பெயர்களை மட்டும் அறியாமல் இருந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலிக்கென்று ஆள் சேர்த்து, ரயிலில் ஏற்றி, முகாம் முகாமாகப் பிரித்து அனுப்பியவர்கள் ஏதேனும் ஒரு பதிவேடு வைத்திருக்கத்தான் வேண்டும். 1945 ஆகஸ்டில் ஏராளமான இராணுவ ஆவணங்கள் எரிக்கப்பட்டன என்பதை அறிவேன். ஆயினும் எஞ்சியவற்றில் பல டோக்கியோவின் தேசியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. அவற்றில் இந்த ரயில்பாதையின் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிய ஒவ்வொரு தாளையும் தேடி எடுத்து, மலேசிய ஆய்வாளர்களையும் உடன் அமர்த்தி, கிடைக்கும் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றுமே கிடைக்கவில்லையென்றால், தேடினோம், இல்லை என்பதையும் அரசின் பெயரால் எழுதித் தாருங்கள்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய சி5631 நீராவி எஞ்சின் இப்போது, போரில் இறந்த ஜப்பானியரை வழிபடும் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தின் யூஷுகான் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த ஆலயம் அரசுக்குச் சொந்தமானதன்று; கட்டளையிட தங்களால் இயலாது. ஆனால் தங்கள் பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துச் செல்லும் அந்த எஞ்சின் ஓடிய தண்டவாளத்தை யார் போட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே இறந்தார்கள் என்பதை அதன் அருகிலேயே எழுதிவைக்கும்படி தங்களால் வெளிப்படையாகக் கேட்க முடியும்.

பாட்டி இப்போது இல்லை. ஆடி அமாவாசைப் படையலை நான் தொடர்கிறேன். பதிவேட்டில் அவர் அண்ணனின் பெயரும் நாளும் கிடைத்தால், அந்த நாளில் திதி கொடுப்பேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஒரு தோட்டத் தொழிலாளியின் பேத்தி