மண்ணெண்ணெய் விலையும் கிழக்குக் கரையின் பருவமும்

ஆசிரியர் அவர்கட்கு,

எரிபொருள் விலை பற்றிய முடிவுகள் கொழும்பில் எடுக்கப்பட்டு ஒரே நள்ளிரவில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால், கடலின் பருவம் எல்லாக் கரைகளிலும் ஒன்றல்ல என்பதை ஆட்சியாளர்கள் கவனத்திற் கொள்வதில்லை.

2022 ஓகஸ்டில், மீனவரின் சிறுபடகுகள் பயன்படுத்தும் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்தில் விற்றுக்கொண்டே இருக்க முடியாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்த நாட்டின் திறைசேரிக்கு வேறு வழிகள் அதிகம் இருக்கவுமில்லை. ஆயினும் ஓகஸ்ட் என்பது, தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளித்திருக்க, எங்கள் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலமாகும். திருகோணமலை மாவட்டத்தில் குச்சவெளி முதல் மூதூர் வரையான கரையோரக் குடும்பங்கள், வாடைக்காற்றில் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களுக்கென நாலு காசு சேர்ப்பது அப்போதுதான். அந்த உழைப்புக் காலத்தின் நடுவிலேயே விலையேற்றம் வந்து விழுந்தது.

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுக்கு மண்ணெண்ணெய்தான் பெருஞ்செலவு. அதன் விலையை அரசின் எரிபொருள் விலைச் சூத்திரம் தீர்மானிக்கிறது. மீனின் விலையையோ கரையில் காத்து நிற்கும் லொறிக்காரரும் கொழும்பை அண்டிய பேலியகொடை மொத்த மீன்சந்தையும் தீர்மானிக்கின்றன. செலவு கூடியதென்பதற்காக மீனவர் தமது மீனுக்கு ஒரு ரூபாயேனும் கூட்டிக் கேட்க இயலாது, ஏனெனில் குளிரூட்டி வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க வசதியில்லாதவர் அன்றே விற்றாக வேண்டும்.

சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் உறுதியான கடன் திட்டம், செலவை ஈடுசெய்யும் எரிபொருள் விலையை வற்புறுத்துகிறது. எனவே எல்லோருக்கும் விலையைக் குறைக்குமாறு நான் கேட்கவில்லை. பதிவுசெய்யப்பட்ட சிறுபடகுகளுக்கு, அந்தந்தக் கரையின் மீன்பிடிப் பருவம் தொடங்குமுன் மானியம் நேரடியாகச் சென்று சேர வேண்டும். கடற்றொழில் திணைக்களத்தின் படகுப் பதிவேடு இருக்கும்போது இது இயலாத காரியமன்று.

இன்னுமொன்று. திருகோணமலைச் சீனன்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்கள் 99இல் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும், 61 அவ்விரண்டின் கூட்டு நிறுவனத்திற்கும் என 2022 ஜனவரியில் உடன்பாடாயிற்று. தேசத்தின் எரிசக்தி மையமென எங்கள் மண்ணைப் பேசுவோர், அதன் வருமானத்தில் ஒரு பங்கை இம்மாவட்டத்தின் குளிர்களஞ்சியங்களுக்கும் இறங்குதுறைகளுக்கும் ஒதுக்குவதைச் சட்டமாக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து தெரிவான நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும், கட்சி வேறுபாடின்றி, அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இதற்கான திருத்தத்தை முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.