படுகளத்தில் மறுபடி விழ வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டினேன். போன வருஷம் அதே மாதங்களில் வாயைத் திறக்கவே கூடாது என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் யார் யார் என்ன செய்தார்கள் என்று நான் எழுதியாக வேண்டும். நேரில் நன்றி சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்குண்ணே" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எழுத்தில் அது முடியாது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள், அதாவது மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்துவார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. ஆடுகிற களரி கட்டி, கதை சொல்லிச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் வந்து, திரை பிடித்து, ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாட ஆரம்பித்தால் விடியும் வரை ஓயாது. மைக் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் முகவீணை என்கிற குட்டி நாதஸ்வரத்தோடு போட்டி போட்டு உச்ச சுதியில் பாடிப் பழகிய தொண்டை, மைக்கைக் கண்டதும் அடங்கிவிடுமா? எனக்கு அடங்கவில்லை. முதலில் கரகரப்பு, அப்புறம் வெறும் காற்று. குரல்நாணில் முடிச்சு என்றார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டருக்கு முதல் நன்றி. கத்தியை எடுப்பதற்கு முன்னால் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்றவர் அவர். அவர் அனுப்பிய பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு அதைவிடப் பெரிய நன்றி. பேசாமல் இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும் என்று எனக்குச் சொன்னது அவர்தான். செருமக் கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சத்தம் வயிற்றிலிருந்து வர வேண்டும். கடைசியாகச் சொன்னதை எங்கள் கூத்து வாத்தியார் வேறு மாதிரி, தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். குரல் திரும்பியதும், "எங்கே, உங்க ராஜா பாட்டைப் பாடிக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா. திரை விருத்தத்தை அடக்கித்தான் பாடினேன். அதற்கே வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கதவருகே வந்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு அன்று ஏற்படுத்திய தொந்தரவையும் பொறுத்துக்கொண்டதற்காக இன்னொரு நன்றி.

இனி எங்கள் கூத்துக் குழு, ஜமா. பாட முடியாதவனுக்கு எதற்குப் பங்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முழுப் பங்கு வேண்டாம் என்று நான் சிலேட்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் பாதியாக்கினார்கள். எங்களில் துச்சாதனன் கட்டும் தம்பி அந்த வருஷம் துரியோதனனைக் கட்டினார். நன்றாகவே கட்டினார். பெரிய வேஷம் ஒருத்தர் கைக்குப் போனால் திரும்பி வராது என்பது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி. இந்தத் தம்பியோ பங்குனி முதல் கூத்தன்று தானே எனக்குக் கிரீடம் வைத்து, தோளில் கட்டும் மரப் புஜக்கட்டையை இறுக்கிவிட்டு, துச்சாதனன் வேஷம் போட உட்கார்ந்துவிட்டார்.

ஆர்மோனியக்காரர் எனக்காகச் சுதியை இறக்கினார். ஆர்மோனியத்தில் அது விரல் வைக்கும் கட்டையை மாற்றுகிற வேலைதான். முகவீணைக்காரருக்குத்தான் பாடு. துளைகள் இருக்கும் இடத்தில்தானே இருக்கும்! சுதி இறங்கினால் விரல் வைக்கும் கணக்கே மாறிப்போகும். இத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த பாட்டையெல்லாம் அந்த மனிதர் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து விரலுக்குப் புதிதாகப் பழக்கினார். கேட்டவர்கள் என் பாட்டைப் பாராட்டினீர்கள். அவரையும் கொஞ்சம் பாராட்டுங்கள்.

கல்யாண முருங்கை மரத்தில் வேஷத்துக்கான கட்டை நகைகளைச் செதுக்கித் தரும் ஆசாரி, என் பழைய மார்ப்பதக்கத்துக்குக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் புதிதாக ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். "வெறும் மரத்தை நீ ராஜாவாக்குறே, இருக்கட்டும்" என்றார். அதை மறுத்துப் பேச எனக்குத்தான் சரியாக வரவில்லை.

வாத்தியார் இப்போது இல்லை. அவரிடம் நான் பெண் வேஷத்தில்தான் தொடங்கினேன். திரௌபதியாக நின்று, துகில் உரிகிற ராத்திரியில் எதிரே உட்கார்ந்திருக்கும் ராஜாவைப் பல பேர் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதிகமாகக் கத்துகிறவனைப் பார்த்தால் பயம் வராது. சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு, விருந்துக்கு இலை போடச் சொல்வது போலத் தம்பிக்குக் கட்டளை இடுகிறவனைப் பார்த்தால்தான் உள்ளே நடுங்கும். பிற்பாடு இந்த மர நகைகள் கட்டும் ராஜா வேஷத்துக்கு, கட்டை வேஷத்துக்கு மாறியபோது வாத்தியார் சொன்னதும் அதுவே: கர்ஜிக்கத் துச்சாதனன் இருக்கிறான், நீ ராஜா. அந்தத் துச்சாதனனும்கூடச் சேலையைத் தொடும் முன் கூத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடுவான். துரியோதனனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

குரல் போனதால் நடிப்பு ஆழமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அன்புக்கு நன்றி, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மேல் சுதி எனக்கு வேண்டும். பதினெட்டாம் போரில் எல்லோரையும் இழந்து மடுவுக்குள் போய் ஒளிந்து, செத்தவர்களை எழுப்பும் மந்திரம் ஜெபிக்கிறானே, அந்த இடத்தில் உச்சியில் பாடினால் கிடைக்கிற அழுகை கீழே பாடினால் கிடைப்பதில்லை. இந்த வருஷம் அங்கே பின்பாட்டுக்காரர்கள் மேலே பாடி என்னைத் தாங்கினார்கள். அவர்களுக்கும் நன்றி.

புகழைப் பற்றிக் கேட்கிறார்கள். கூத்துக்காரனுக்குப் புகழ் அரிதாரம் கலைக்கும் வரைதான். ராத்திரி முழுக்க என்னைப் பார்த்த ஊரில், காலையில் முகம் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனால், "துரியோதனன் இன்னும் தூங்குறாரா?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்கு அது பிடிக்கும். அதற்காகக் கூத்துக்குக் கௌரவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை ஊர்க் கூத்தைப் பற்றிப் பேசிப் பேசித்தான் பட்டணத்தில் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2025இல் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று எங்கள் ஜமாவிலும் இனிப்பு கொடுத்தோம். காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகள் கூத்துக் கற்றுக் கட்டை வேஷம் போட வந்தார்கள். என் பேத்தி இப்போது என்னிடம் துரியோதனன் வேஷத்தைத்தான் கேட்கிறாள், திரௌபதியை இல்லை!

கடைசியாகப் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனனைப் படுக்க வைத்து, அதன் மேலும் சுற்றியும் பீமனும் நானும் ஓடி, தொடையில் அடி விழுந்து, அம்மன் கூந்தலை முடிந்து எல்லாம் முடிகையில் வெயில் ஏறிவிடும். கிடக்கிறவன் வில்லன்தான். ஆனாலும் எங்கள் பக்கம் சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வீட்டில் வைக்கிறார்கள். இந்த வருஷம் ஒரு பாட்டி அதில் கொஞ்சம் எடுத்து என் தொண்டையில் பூசிவிட்டுப் போனார். யாரென்று தெரியாது. படித்துச் சொல்லுகிறவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்: பாட்டி, தொண்டை தேவலை.

பிறகு, படுகளத்தில் துரியோதனன் என்று என்னைத் துடைப்பத்தாலும் முறத்தாலும் சாத்திய அக்கா தங்கச்சிகளுக்கும் நன்றி. உடம்பு சரியில்லாதவன் என்று ஒருத்தரும் கை குறைக்கவில்லை, அதில் எனக்குப் பெருமைதான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் தேய்ந்த துடைப்பக்கட்டையை விட்டுவிட்டு, புதுசாக நீள ஈர்க்கு இருக்கிறதை எடுத்து வாருங்கள். அது சத்தம் பெரிதாக வரும், வலி கம்மி.

இப்படிக்கு,
உங்கள் துரியோதனன் வேஷக்காரன்