தபாலில் முந்திய ஓட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் முற்போக்கு வேட்பாளர்கள் உட்கட்சித் தேர்தலிலேயே கரை சேர மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் கென்டக்கியின் லூயிவில்லில் இருக்கிறேன். 2020 ஜூன் 23, செனட் (நாடாளுமன்ற மேலவை) வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி நடத்திய உட்கட்சித் தேர்தல். மிதவாதியான ஏமி மெக்ராத் திரட்டிய நன்கொடை 4 கோடி டாலருக்கு மேல். அப்படியும் முற்போக்கு வேட்பாளர் சார்லஸ் புக்கர் அவரிடம் தோற்றது சுமார் 15,000 ஓட்டில்தான்!

எங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) முழுமைக்கும் அன்று ஒரே வாக்குச்சாவடி. மாலை 6 மணிக்குக் கதவைச் சாத்தியதும், வெளியே நின்றவர்கள் படபடவென்று தட்டினார்கள். நீதிபதி உத்தரவிட்ட பிறகே திறந்தார்கள்.

நான் ஜூன் முதல் வாரமே தபாலில் மெக்ராத்துக்குப் போட்டுவிட்டேன். புக்கர் பேச்சை அப்புறம்தான் கேட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த முறை கணிக்கும்போது, தபால் ஓட்டுகள் எப்போது விழுந்தன என்பதையும் பாருங்கள்.

ஒரு வாசகி, லூயிவில்